சாக்கடை இல்லாத ஊரில் சாயத் தண்ணீர்

குண்டடம் பக்கம் தொழில் தொடங்க வருகிறவர் முதலில் விசாரிப்பது மூன்று. சென்ட் என்ன விலை, கரண்ட் எத்தனை எச்.பி. கிடைக்கும், வேலைக்கு ஆள் வருமா. போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர் என்பது நான்காவது கேள்வி. அந்தத் தண்ணீர் வேலை முடிந்தபின் எங்கே போகும் என்ற ஐந்தாவது கேள்வி பெரும்பாலும் கூரை போட்ட பிறகுதான் எழுகிறது. அதற்குள் கடன் வாங்கியாகிவிட்டது, மெஷினுக்கு அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது.

திருப்பூர் மாவட்டத்தில், பல்லடம் – தாராபுரம் சாலையில் உள்ள குண்டடம் ஓர் ஒன்றியத் தலைமையிடம். ஆனால் அது நகராட்சி அல்ல, பாதாளச் சாக்கடையும் கிடையாது. சுற்றியுள்ள ஊர்களுக்குக் கிணறும், போரும், பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலும்தான் வாழ்வு. அருகிலுள்ள உப்பாறு அணைக்குத் தண்ணீர் திறந்துவிடச் சொல்லி விவசாயிகள் போராடுவது செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் விஷயம். இப்படிப்பட்ட மானாவாரிச் சீமையில் தொழிற்சாலைக் கழிவுநீர்ச் சட்டம் நகரத்தில் இருப்பதைவிடக் கடுமையாகவே பிடிக்கும். அது ஏன், அதற்குள் நின்று தொழில் செய்ய என்னென்ன வேண்டும் என்பதே இந்த அத்தியாயம்.

சாக்கடையில் விட்டுவிடலாமா?

நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 1974இல் வந்தது. அதன் 24ஆம் பிரிவு மாசுப் பொருளை ஓடை, கிணறு, சாக்கடை, நிலம் ஆகிய எதிலும் விடக்கூடாது என்கிறது. 25ஆம் பிரிவின்படி இவற்றில் எதற்கும் கழிவுநீரை வெளியேற்ற மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் இசைவு வேண்டும். ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ என்ற சொற்களும் 24ஆம் பிரிவில் இருக்கின்றன. பக்கத்துக் காட்டுக்காரரின் பள்ளத்தில் விட்டேன், அது தானாக ஓடைக்குப் போய்விட்டது என்று சொல்லித் தப்ப முடியாது.

சட்டம் சொல்லும் ‘ஓடை’யில் ஆறு, நிலத்தடி நீர் இரண்டும் அடங்கும். இப்போதைக்கு வறண்டு கிடக்கும் நீர்வழியும் ஓடைதான் என்று சட்டமே தெளிவாகச் சொல்கிறது. வருஷத்தில் பத்து மாதம் மணலும் வேலாமரமுமாகக் கிடக்கும் பள்ளம்கூட ஆறு போலவே காக்கப்பட வேண்டியது. கழிவுநீர் ஓடும் திறந்த வாய்க்கால், மூடிய குழாய் இரண்டுக்கும் சட்டத்தில் ‘சாக்கடை’ என்ற ஒரே பெயர்தான்.

அளவுகளைப் பார்த்தால் நகரத்துக்கும் குண்டடத்துக்கும் உள்ள வித்தியாசம் விளங்கும். மத்திய அரசின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986இன் ஆறாம் அட்டவணையில் பொதுவான வெளியேற்ற அளவுகள் இருக்கின்றன. ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலையில் விடும் நீரில் பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மிதக்கும் திடப்பொருள் 100, எண்ணெய்ப்பசை 10. பொதுச் சாக்கடையில் விடுவதற்கு இந்த வரம்புகள் தளர்கின்றன: பி.ஓ.டி. 350, திடப்பொருள் 600, எண்ணெய்ப்பசை 20. அமில–காரத் தன்மையைக் காட்டும் பி.எச். இரண்டுக்கும் 5.5 முதல் 9 வரை.

சாக்கடைக்கு இந்தச் சலுகை கிடைப்பதன் காரணம், அதன் கடைசியில் நுண்ணுயிர்களைக் கொண்டு நீரைத் தேற்றும் நிலையம் ஒன்று இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. அட்டவணையின் குறிப்பு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. சாக்கடை அப்படி ஒரு நிலையத்தில் போய்ச் சேராவிட்டால், அதில் விடுவது ஆற்றில் விடுவதாகவே கொள்ளப்படும். குண்டடத்துத் தெருவோர வாய்க்காலுக்கு அப்படிப்பட்ட கடைசி எதுவும் இல்லை. ஆகவே 350 அல்ல, 30தான் இங்கே கணக்கு.

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களிலும் எதை வேண்டுமானாலும் விட்டுவிட முடியாது. 1981 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில் அதிகாலையில் தெருக்கள் கிலோமீட்டர் கணக்கில் வெடித்துப் பிளந்தன. சோயா எண்ணெய் பிழியும் ஆலை ஒன்றிலிருந்து ஹெக்சேன் என்ற கரைப்பான் சாக்கடைக்குள் கசிந்து ஆவியாகி நிறைந்திருந்தது. ஒரு காரிலிருந்து வந்த பொறியே அதற்குப் போதுமானதாக இருந்தது. பிண்ணாக்கிலிருந்து கடைசிச் சொட்டு எண்ணெயையும் எடுக்க அதே ஹெக்சேனைத்தான் இந்தியக் கரைப்பான் ஆலைகளும் பயன்படுத்துகின்றன. சிங்கப்பூரில் தொழிற்கழிவுநீரைச் சாக்கடையில் விட நீர்வாரியத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அங்கே கரைந்த உப்புக்கும் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்று வரம்பு உண்டு. சாக்கடை நீரையே சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் ஊர் அது, அதனால் உப்பு விஷயத்தில் கறாராக இருக்கிறது.

உப்பின் கணக்கு

திருப்பூர் வட்டாரத்துச் சிக்கலின் ஆணிவேர் உப்பு. சாயத்தின் நிறம் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். நிறத்தை ரசாயனம் போட்டுப் படியவைக்கலாம், நுண்ணுயிர் விட்டும் குறைக்கலாம். உப்பு இவை எதற்கும் அசையாது.

பருத்திப் பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, சாயம் தண்ணீரை விட்டு நூலில் ஏற உப்பு வேண்டும். சாதா உப்போ கிளாபர் உப்போ, லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை போடுவார்கள். சாயத்தில் ஒரு பகுதியாவது துணியில் நிற்கும். உப்பு துளியும் நிற்பதில்லை, போட்டது முழுக்க வெளியே வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பட்டறையில் நாளொன்றுக்கு 1 டன் துணி வின்ச் என்ற சாய மெஷினில் ஓடுகிறது. கிலோவுக்கு 10 லிட்டர் என்றால் ஒரு குளியலுக்கு 10,000 லிட்டர். சலவை, அலசல், சாயம், சோப்பு, மறுபடி அலசல் என்று எட்டுக் குளியல் ஆனால் 80,000 லிட்டர். சாயக் குளியலில் லிட்டருக்கு 60 கிராம் வீதம் 600 கிலோ உப்பு. மொத்தக் கழிவுநீரில் கலந்து பார்த்தால் லிட்டருக்கு 7,500 மில்லிகிராம் வருகிறது. சோடா, பிற ரசாயனங்களைச் சேர்த்தால் இன்னும் ஏறும். கரைந்த உப்புக்குத் தமிழ்நாட்டில் வாரியம் வைத்திருக்கும் வரம்பு 2,100.

நல்ல தண்ணீர் ஊற்றி அளவைக் குறைப்பதை வாரியம் ஏற்பதில்லை. ஏற்றாலும் அந்த 600 கிலோ எங்கும் போய்விடாது. மாதம் 25 நாள் வேலை நடந்தால் 15 டன். மழை குறைந்த நிலத்தில் அது மண்ணில் தங்கி, கிணற்றில் இறங்கி, அடுத்த கோடையில் தென்னையின் ஓலை நுனி கருகும்போது வெளியே தெரியும்.

இந்தக் கணக்கைக் குறைக்க வழி உண்டு. கிலோவுக்கு 6 லிட்டரில் ஓடும் சாஃப்ட் புளோ மெஷினில் அதே சாயக் குளியல் 6,000 லிட்டரில் முடியும், உப்பும் 360 கிலோதான். மெஷின் வாங்கும்போது விலையோடு இந்த விகிதத்தையும் கேட்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் சுத்திகரிப்பு நிலையமும் சின்னதாகும்.

சாயப்பட்டறைக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல இது. தென்னை நார்க்கழிவை ஏற்றுமதிக்காகக் கழுவும் களங்களிலிருந்தும் உப்பும் பழுப்புச் சாறும் இறங்குகின்றன. பட்டன், ஜிப்புக்கு நிறமேற்றும் சிறு பட்டறையும், பிரிண்டிங் ஸ்கிரீன் கழுவும் தொட்டியும் ‘நம்முடையது கொஞ்சம்தானே’ என்ற எண்ணத்தில் ஓடுகின்றன. அளவு கொஞ்சமாக இருந்தாலும் 25ஆம் பிரிவு பொருந்தும்.

நொய்யலில் நடந்தது

இன்றைய நிபந்தனைகள் ஒவ்வொன்றின் பின்னும் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு இருக்கிறது. அதன் குறுக்கே கீழ்ப்பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளில் அதில் தேங்கியது திருப்பூரின் சாயக்கழிவு. ஆயக்கட்டு விவசாயிகள் தங்களுக்காகக் கட்டிய அணையின் தண்ணீர் தங்கள் காட்டுக்கு வேண்டாம் என்று நீதிமன்றம் போனார்கள்.

1990களின் பிற்பகுதியில் பட்டறைகள் கூடிப் பொது சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. அவை நிறத்தையும் அழுக்கையும் எடுத்தன. உப்பு அப்படியே ஆற்றுக்குப் போயிற்று. தோல், சாய ஆலைகளின் சேதத்தை அளவிட உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பின்படி அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் நொய்யல் பகுதியையும் ஆராய்ந்தது. 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று அது கணக்கிட்டது.

2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கெடு விதித்தது. 2007 ஜூலை 31க்குள் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை, திருப்பூர்க்காரர்கள் சொல்லும் ‘ஜீரோ டிஸ்சார்ஜை’, எட்ட வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா அபராதம், பின்பு 8, பின்பு 10. மேலே பார்த்த 80,000 லிட்டர் பட்டறைக்கு இது நாளொன்றுக்கு ரூ.4,800இல் தொடங்கி ரூ.8,000இல் வந்து நிற்கும். சாயப்பட்டறை உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை உறுதி செய்து மூன்று மாத அவகாசம் மட்டும் கொடுத்தது.

அவகாசம் ஓடிப்போயிற்று, ஆற்றின் நிலை மாறவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஒழுங்காக நடத்தியவரும் நடத்தாதவரும் ஒரே நாளில் மூடினார்கள். ஆர்டர் வைத்திருந்த ஏற்றுமதியாளர்கள் துணியை வெளியூர்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் அனுப்பிச் சாயமேற்ற வேண்டியதாயிற்று. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. அருள்புரம் நிலையத்தில் உப்புக் கரைசலையே மீண்டும் சாயத்துக்குப் பயன்படுத்தும் முறை சோதிக்கப்பட்டது. பிறகுதான் ஒவ்வொன்றாக நிலையங்கள் திறந்தன. வீரபாண்டி, அங்கேரிபாளையம், மண்ணரை, சின்னக்கரை என்று இன்று திருப்பூரைச் சுற்றிப் பதினெட்டுப் பொது நிலையங்கள் இருக்கின்றன.

இவற்றில் நீர் முதலில் நுண்ணுயிர்த் தொட்டியைக் கடந்து, பின்பு உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுகளுக்குப் போகிறது. பெரும்பகுதி நல்ல நீராகப் பட்டறைக்கே திரும்பும். மிஞ்சும் செறிந்த உப்புநீரை ஆவியாக்கியில் வற்றவைத்து உப்பை எடுக்கிறார்கள். வற்றவைக்கும் செலவுதான் ஆளை அசத்தும். அதற்குப் பிறகும் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் குவிகிறது. குண்டடத்தில் தனியாக ஒரு சாயப்பட்டறை போட நினைப்பவர் இந்த முழு வரிசையையும் தன் ஒருவர் செலவில் கட்ட வேண்டியிருக்கும்.

கடப்பாரை போடுமுன்

முதல் வேலை, தொழில் எந்த வகை என்று பார்ப்பது. தையல், செக்கிங், பேக்கிங் மட்டும் என்றால் கழிப்பறைத் தண்ணீர்தான் கழிவு, வாரியத்தின் கெடுபிடியும் குறைவு. சாயம், சலவை, பிரிண்டிங் என்று கழிவுநீர் வரும் ஈர வேலை எதுவானாலும், வாரியத்தின் பட்டியலில் அதிக மாசுள்ள தொழில்களுக்கான சிவப்பு வகை. தையல் கம்பெனி என்று இசைவு வாங்கிவிட்டுப் பின்பக்கம் ஒரு வாஷிங் மெஷின் வைத்தால், அன்று முதல் அது இசைவில்லாத சிவப்பு வகைத் தொழிற்சாலை.

அடுத்தது இடம். 1989இல் வந்த அரசாணை 213, அதிக மாசுள்ள தொழில்கள் குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வருவதைத் தடுக்கிறது. 1998இன் அரசாணை 127 காவிரிக்கும் அதன் கிளை ஆறுகளுக்கும் இந்தத் தூரத்தை 5 கிலோமீட்டர் ஆக்கியது. தாராபுரத்தைத் தொட்டு ஓடும் அமராவதி காவிரியின் கிளை, உப்பாறு அமராவதியில் சேர்வது. ஆகவே கிரயம் பேசுமுன்பே கிராம வரைபடத்தில் ஓடை, குளம், வாய்க்கால், ஆறு ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரத்தை அளந்து, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிட வேண்டும். இந்த ஒரு நடை பல லட்சங்களை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது இசைவாணைகள். அஸ்திவாரத்துக்கு முன் நிறுவ இசைவாணை, உற்பத்திக்கு முன் இயக்க இசைவாணை. இரண்டும் வாரியத்தின் இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கப்படுகின்றன. அதில் முக்கியமான தாள் நீர்க் கணக்கு: எவ்வளவு நீர் எங்கிருந்து வருகிறது, எந்த வேலைக்கு எவ்வளவு, எவ்வளவு ஆவியாகிறது, மிச்சம் எங்கே. உள்ளே வருவதும் வெளியே போவதும் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். ஊராட்சி அனுமதி, கட்டட வரைபட ஒப்புதல், நிலத்தடி நீர் எடுக்க நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று ஆகியவை தனித்தனி. ஒன்று கையில் இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகிவிடாது.

நான்காவது, சொந்த நிலையமா, பொது நிலையமா என்ற முடிவு. பொது நிலையங்கள் தம் உறுப்பினர் பட்டறைகளின் நீரை, அனுமதித்த கொள்ளளவுக்குள் எடுப்பவை. ‘டேங்கர் லாரியில் திருப்பூருக்கு அனுப்பிக்கொள்ளலாம்’ என்று வாய்ப்பேச்சில் தொடங்கும் ஏற்பாடுதான் இரவில் ஏதோ ஒரு ஓடையோரத்தில் வால்வு திறப்பதில் முடிகிறது. நிலையத்தின் எழுத்துமூல ஒப்புதலும் வாரிய இசைவில் அதற்கான குறிப்பும் இல்லாமல் லாரியை நம்பக்கூடாது.

ஓடத் தொடங்கியபின்

கட்டடத்தில் மூன்று குழாய்களும் தனித்தனியாக இருக்க வேண்டும்: மழைநீர், கழிப்பறைத் தண்ணீர், தொழிற்கழிவு. மூன்றும் கலந்தால் மழைக்காலத்தில் நிலையம் நிரம்பி வழியும், அதிகாரி வந்தால் எது எதுவென்று நிரூபிக்கவும் முடியாது. உள்வரும் நீருக்கும் கழிவுக்கும் மீட்டர், நிலையத்துக்குத் தனி மின் மீட்டர், தினப் பதிவேடு ஆகியவை வழக்கமான நிபந்தனைகள். மின் மீட்டர் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் உற்பத்தி ஓடிய நாளில் நிலையத்தின் மின்செலவு அசையவில்லை என்றால் அன்று கழிவு எங்கே போயிற்று என்று அது ஒன்றே சொல்லிவிடும்.

தொட்டியடியில் சேரும் ரசாயனச் சகதி 2016இன் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. தனி அங்கீகாரம் வாங்க வேண்டும், கூரையும் தளமும் உள்ள இடத்தில் 90 நாள் வரைதான் வைக்கலாம். அனுப்பும் ஒவ்வொரு லோடுக்கும் ஆவணம் இருக்க வேண்டும். குப்பைமேட்டிலோ காட்டிலோ கொட்டினால் கழிவுநீர் வழக்கோடு இன்னொரு வழக்கும் சேரும்.

அதிகாரி மாதிரி எடுக்க வரும்போது நடைமுறையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, பகுப்பாய்வுக்காக எடுப்பதாக அவர் அறிவிப்புத் தர வேண்டும். உரிமையாளர் அல்லது அவருடைய ஆள் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். கோரிக்கை வைத்தால் இரண்டாவது பகுதி மாநில நீர் ஆய்வகத்துக்குப் போகும். ஓனர் இல்லை என்று ஒளிந்துகொண்டால் இந்த உரிமை கைநழுவும். வாட்ச்மேனுக்கும் சூப்பர்வைசருக்கும் இதைச் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

மீறலின் விலை இரண்டு வகையில் வரும். 33அ பிரிவின் கீழ் பட்டறையை மூடவும் மின்சாரம், தண்ணீரைத் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிடலாம். அதோடு மத்திய வாரியத்தின் சூத்திரப்படி சுற்றுச்சூழல் இழப்பீடும் உண்டு. சிவப்பு வகைக்கான மாசுக் குறியீடு 80, பெருக்குத் தொகை ரூ.250, சிறு தொழிலுக்கு 0.5, சிற்றூருக்கு 1. பெருக்கினால் நாளொன்றுக்கு ரூ.10,000. மூன்று மாத மீறலுக்கு 9 லட்சம்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று தொட்டிக்குள் இருக்கிறது. 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் சாய ஆலை ஒன்றின் கழிவுத் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்களில் மூன்று பேர் நச்சு வாயு தாக்கி இறந்தார்கள். தேங்கிய கழிவில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஒருவர் விழுந்ததும் தூக்கப் போகும் அடுத்தவரும் விழுவது இதனால்தான். பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்கிச் சாக்கடையோ செப்டிக் டேங்கோ சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. தொட்டி மூடியைத் திறப்பது உறிஞ்சு லாரி வந்து நின்ற பிறகுதான் என்று பட்டறையில் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

பக்கத்துத் தோட்டக்காரருக்கு

வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் இந்த அத்தியாயத்தில் வேலை இருக்கிறது. பட்டறை வருமுன்பே தன் கிணற்று நீரை வேளாண்மைத் துறையின் மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து அறிக்கை வாங்கி வைக்க வேண்டும். பின்னால் உப்பு ஏறினால் ‘முன்பு எவ்வளவு’ என்ற கேள்விக்கு அந்த ஒரு தாள்தான் பதில். பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், அதே கிணற்றில் அதே பரிசோதனை.

சந்தேகமான நீர் ஓடினால் நாள், நேரம், சர்வே எண், ஓடையின் பெயர், நிறம், நாற்றம் ஆகியவற்றை எழுதி, தேதி தெரியும்படி படம் எடுக்க வேண்டும். சாயநீர் மணிக்கணக்கில் மறைந்துவிடும் என்பதால் முதலில் போன், பிறகு மனு. திருப்பூர் மாவட்டத்தில் வாரியத்துக்குப் பறக்கும் படை இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் மாதந்தோறும் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கு எண் போட்டுப் பதில் வர வேண்டும் என்பதால் அதன் நகலைப் பத்திரப்படுத்த வேண்டும்.

அங்கும் தீராவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. மாசை நிறுத்தச் சொல்லும் மனுவுக்குப் பிரச்சினை எழுந்ததிலிருந்து ஆறு மாதம் கெடு. இழப்பீடு, நிலத்தை மீட்டுத் தருதல் கேட்கும் மனுவுக்கு ஐந்து ஆண்டு. அதற்குப் பிறகு போனால், போதிய காரணம் காட்டினாலும் தீர்ப்பாயம் 60 நாள் வரைதான் பொறுக்கும்.